கரண்டகத்தின் பின்பக்கம்

என் கடை மேசையின் இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கும் பழுதான பென் டிரைவ்களுக்கும் பின்னால், பாஸ்போர்ட் போட்டோ போட்டுக் கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்று கிடக்கிறது. உள்ளே விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு சிவப்புப் பட்டு நூல். ஒரு துண்டின் நடுவில் காய்ந்த அரக்கு ஒட்டியிருக்கிறது. அரக்கில் ஒரு முத்திரையின் ஓரம் தெரியும். அது பாதிக் கிரீடமா, ஏதாவது மரக்கிளையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. திண்டிவனத்தில் கடையை மூன்று முறை இடம் மாற்றிவிட்டேன். மூன்று முறையும் அந்த உறை கூடவே வந்தது.

போன வாரம் பெரியப்பாவின் மகன் போன் செய்தான். அவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. "அப்பாவுக்கு நினைவு மலர் போட்றோம். நீயும் அவரப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடு. எப்பிடியும் டைப் அடிக்கப் போறது நீதான, ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பத்தில் யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லியே பழகிய வாய் என்னுடையது. எழுத உட்கார்ந்தபோது இழுப்பறையைத் திறந்தேன். இனி நான் எழுதப்போவதை அவன் அச்சிட மாட்டான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பெரியப்பா என்றால் என் அம்மாவின் அக்காள் கணவர். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். அதன்பிறகு எங்கள் ஊர்க் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குப் பேரவைச் செயலாளராக வந்து சேர்ந்தார். பங்கு என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை. அவர் தோளில் துண்டு போட மாட்டார், சால்வைதான். யாராவது மேடையில் போர்த்திவிட்டதை அப்படியே போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் பஸ் ஏறுவார். கண்டக்டரிடம் "திருவெண்ணெய்நல்லூருக்கு ஒரு பயணச்சீட்டு நல்குங்கள்" என்பார். "சில்லறையா குடுங்க சார், பேஜாரு பண்ணாதீங்க" என்று கண்டக்டர் கையை நீட்டுவார். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கரும்புத் தோட்டத்தைப் பார்ப்பார். நாட்டில் தமிழ் அழிந்துவிட்டது என்பதற்கு அவருக்கு அன்றைக்கு அந்த ஒரு ஆதாரம் போதும்.

சொற்களுக்கு வேர் கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். அகராதி எதையும் புரட்ட மாட்டார். அகராதி எழுதியவர்களுக்கு அவ்வளவு தெரியாது என்று நினைத்தார். சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சாம்பார் வருவதற்குள் ஒரு சொல்லுக்கு வேர் கண்டுபிடிப்பார். ரசம் வருவதற்குள் அதை நிரூபித்துவிடுவார். எதிரில் இருப்பவன் மோர் ஊற்றிக்கொள்ளும்போது அது வரலாறாகியிருக்கும். அவரை மறுத்துப் பேசியவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

எங்கள் ஊர் முகையூரிலிருந்து திருவெண்ணெய்நல்லூர் போகிற பக்கம் இருக்கிறது. கோயிலில் ஒரு புனிதரின் அருளிக்கம் இருந்தது. புனிதரின் உடலிலிருந்து எடுத்துப் பாதுகாக்கிற சிறு மிச்சத்தைத்தான் அருளிக்கம் என்போம். எங்களிடம் இருந்தது அரிசி நொய் அளவுக்கு ஓர் எலும்புச் சில்லு. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கொண்டுவந்து கொடுத்தது. பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதான, வட்டமான ஒரு வெள்ளிச் செப்புக்குள், கண்ணாடிக்குப் பின்னால், அது சிவப்புத் துணியில் ஒட்டியிருக்கும். அந்தச் செப்புக்கு ஊரில் கரண்டகம் என்று பெயர். பேச்சில் கரண்டவம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொள்கிற டப்பாவுக்கும் அதே பெயர்தான். ஊரில் ஒருவரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில்லை.

பிரசவ வலி எடுத்துப் பிள்ளை வராமல் ஒருத்தி தவித்தாலும், யாராவது மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாலும், "கரண்டவத்த எடுத்தாரச் சொல்லு" என்று ஆள் ஓடும். கோயில்பிள்ளை அதை வெள்ளைத் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடப்பார். வழியில் யாரோடும் பேச மாட்டார். எதிரில் வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பார்கள். கோயிலுக்கு வராத இந்துக் குடும்பங்களும் அப்படித்தான் நின்றன. வீட்டில் அதை நெற்றியில் வைத்து எடுப்பார், எல்லோரும் வரிசையாக அதை முத்தமிட்டு முத்தி செய்வார்கள். பிறகு அதே மௌனத்தோடு திரும்புவார். என் மகள் பிறந்த அன்று எங்கள் வீட்டுக்கும் அப்படி வந்தார்.

கோயில்பிள்ளை என்பது அவருடைய பெயர் அல்ல, வேலையின் பெயர். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசைப் பாத்திரங்களைக் கழுவித் துடைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கரண்டகம் இருந்த சுவர் அலமாரியின் சாவியை வைத்திருப்பது. அந்தச் சாவி முப்பது வருடமாக அவர் அரைஞாணில் கிடந்தது. திருவிழாவுக்கு முந்தின வாரம் புளியும் சாம்பலும் போட்டுக் கரண்டகத்தைத் தேய்ப்பார், முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு நூல் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு வைத்து, அந்தக் காலத்தில் ஆயராக இருந்த பிஷப் ஒருவரின் முத்திரையைப் பதித்திருந்தார்கள். உள்ளே இருப்பது அசல், யாரும் திறக்கவில்லை என்பதற்கு அந்த அரக்குதான் சாட்சி. அது உடைந்தால் அருளிக்கத்தைப் பொதுவில் வைத்து வணங்கக்கூடாது என்பது திருச்சபையின் சட்டம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊரில் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்திருந்தவர் கோயில்பிள்ளை ஒருவர்தான்.

கோயிலுக்கு நூற்றாண்டு வந்தது. பெரியப்பா விழா மலர் போட்டார். என் கடையில்தான் வேலை. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், நான் அடிப்பேன். மலரின் முதல் கட்டுரை அவருடையது. கரண்டகம் என்ற சொல் கரண்டி என்பதிலிருந்து வந்தது என்றும், அடுப்பங்கரைச் சொல் ஒன்று புனிதப் பொருளின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது என்றும், படிப்பறிவில்லாதவர்கள் செய்த இந்தப் பிழையை நூற்றாண்டிலாவது திருத்த வேண்டும் என்றும், இனி அதை 'அருட்கலப்பேழை' என்றே வழங்க வேண்டும் என்றும் நான்கு பக்கம். நான் அடிப்பதை நிறுத்தி, "சுண்ணாம்பு டப்பாவுக்கும் கரண்டிக்கும் என்ன பெரியப்பா சம்பந்தம்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "சுண்ணாம்பை எதனால் எடுக்கிறோம்? விரலால். விரல்தான் மனிதனின் முதல் கரண்டி. தட்டச்சு செய்."

செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. அந்த வாக்கியத்தையும் கட்டுரையில் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன்.

புதுப் பெயர் வைத்தவுடன் பழைய வெள்ளி அவர் கண்ணை உறுத்தியது. தங்க முலாம் பூச வேண்டும் என்றார். புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாருக்கு வயது குறைவு, வேலை அதிகம். சரி என்று தலையாட்டிவிட்டார். கோயில்பிள்ளை அலமாரியைத் திறந்து, கரண்டகத்தைத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் கொடுத்தார். "பின்பக்கம் மட்டும் பாத்துக்கோங்க அய்யா. அரக்கு இருக்குது, நூலு இருக்குது. அது போச்சின்னா எல்லாம் போச்சி" என்றார். பெரியப்பா "அறிவோம்" என்றார். ஒருவரைப் பார்த்து 'அறிவோம்' என்று சொல்கிற மனிதனிடம் எதையும் ஒப்படைக்கக்கூடாது என்று இன்று எனக்குத் தெரிகிறது.

விழுப்புரத்தில் முலாம் பூசுகிற கடை ஒரு சந்துக்குள் இருந்தது. என் பைக்கில்தான் போனோம். கடைக்காரர் கரண்டகத்தைத் திருப்பிப் பார்த்தார். "சார், பின்னாடி அரக்கு வெச்சிருக்காங்க. இதோட முலாம் தொட்டியில போட முடியாதுங்க. பின்மூடிய வேணா உட்டுட்டு, முன்னாடி மட்டும் ஜல்தியா பிரஷ்ல போட்டுக் குடுக்கட்டுமா?"

நல்ல மனிதர். வழியையும் அவரே சொல்லிவிட்டார். பெரியப்பா கேட்கவில்லை. "ஒருபக்கத் தங்கம் என்ன தங்கம்? அது அஞ்சலகத்து அரக்கு ஐயா. பார்சலுக்கு வைப்பது. எடுத்து எறியுங்கள்" என்றார். கோயில்பிள்ளை சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். "அவனுக்கு மணியடிக்கத் தெரியும்" என்றார். கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன். அவர் கத்தரிக்கோலால் நூலை வெட்டினார், கத்தி முனையால் அரக்கைப் பெயர்த்தார். தரையில் விழுந்த நூல் துண்டுகளை நான் பொறுக்கிக்கொண்டேன். ஏன் பொறுக்கினேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

திருவிழா அன்று காலை, ஆயர் இல்லத்திலிருந்து ஒரு ஃபாதர் வந்தார். பூசைக்கு முன் அருளிக்கத்தையும் அதன் சான்றிதழையும் பார்க்க வேண்டும் என்றார். கோயிலின் உள்ளறையில் பங்குச் சாமியார், பெரியப்பா, கோயில்பிள்ளை, விழா மலர்க் கட்டுகளைத் தூக்கி வந்த நான். கரண்டகம் மஞ்சளாக மின்னியது. ஃபாதர் அதைக் கையில் எடுத்து நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினார். விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பின்பக்கமும் மஞ்சளாக மின்னியது.

"முத்திரை எங்க?"

பெரியப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவர் இலக்கணத் தமிழை விட்டு இறங்கிப் பேசி நான் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான். "நான் வாங்கும்போதே இல்ல ஃபாதர். வருசா வருசம் புளி போட்டுத் தேய்ச்சா அரக்கு நிக்குமா? படிக்காதவங்க கையில குடுத்து வெச்சா இப்பிடித்தான்."

ஃபாதர் கோயில்பிள்ளையிடம் திரும்பினார். "புளி போட்டுத் தேய்ப்பீங்களா?"

"தேய்ப்பேன் சாமி. முன்பக்கந்தான். பின்பக்கம் நான் தொட்டதில்ல. குடுக்கும்போது அரக்கு இருந்திச்சி."

"வேற யாராவது பாத்திருக்காங்களா?"

கோயில்பிள்ளையின் பார்வை எங்கள் ஒவ்வொருவர்மேலும் போய் வந்தது. என் சட்டைப் பையில் அந்த உறை இருந்தது. அன்று காலை வேண்டுமென்றேதான் போட்டுக்கொண்டு வந்தேன். பூசைக்கு முன்னால் பங்குச் சாமியாரைத் தனியாகப் பிடித்து, நடந்ததைச் சொல்லி, இதைக் கொடுத்துவிட வேண்டும் என்று திண்டிவனத்திலிருந்து வருகிற வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் அடுத்த வாரம் என் மகளின் நர்சிங் சீட்டுக்குப் பெரியப்பா ஒரு சிபாரிசுக் கடிதம் தருவதாக இருந்தது. அந்தக் கல்லூரியின் தாளாளர் அவருடைய பழைய மாணவர். நான் மலர்க் கட்டின் சணலைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

சாவியைக் கொடுத்துவிடும்படி கோயில்பிள்ளையிடம் சொன்னார்கள். அவர் வேட்டியைத் தளர்த்தி, அரைஞாணில் முடிச்சைத் தேடி, அவிழ்க்க ஆரம்பித்தார். அதற்கு ரொம்ப நேரம் ஆனது. வெளியே பாட்டுக் குழு ஒரு பாட்டை முடித்து இன்னொன்றைத் தொடங்கிவிட்டது. அவர் விரல் முடிச்சிலேயே இருந்தது. பெரியப்பாவுக்குப் பொறுமை போய், "ஒரு கத்தரிக்கோல் கொண்டாங்கப்பா" என்று கத்தினார். அதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. கோயில்பிள்ளை சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பக்கவாசல் வழியாக வெளியே போனார்.

அருளிக்கத்தை ஆயர் இல்லத்துக்கு எடுத்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. கோயில்பிள்ளை வேலைக்கு வேறு ஆள் போட்டார்கள். பெரியப்பா ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி செய்து, அதற்குள் புனிதரின் அச்சடித்த படத்தை வைத்து, சுற்றிலும் சீரியல் விளக்குப் போட்டு, அடியில் 'அருட்கலப்பேழை' என்று பித்தளையில் எழுதிவைத்தார். தன் பெயரை அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். ஊரில் அதை 'லைட்டுப் பொட்டி' என்கிறார்கள். பிரசவ வலியில் கிடப்பவள் வீட்டுக்கு அதை யாரும் எடுத்துப் போனதில்லை, பிளக் பாயின்ட் வேண்டுமே. என் மகளுக்குச் சீட் கிடைத்தது. நல்ல நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய சம்பளத்தில் நான் சாப்பிடும்போது எனக்குச் சோறு இறங்காமல் போனதில்லை. என்னைப் பற்றி அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இந்த வருடத் தொடக்கத்தில், இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஓர் அம்மா மனு அடிக்கக் கடைக்கு வந்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பழைய விழா மலரின் அட்டை கிடந்தது. கரண்டகத்தின் படத்தை அவர் குனிந்து பார்த்தார். "இது என்ன தம்பி?" என்றார். சொன்னேன். ஊரில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். கரண்டகம் என்றேன்.

"சிங்களத்திலயும் கிட்டத்தட்ட அதுதானே. கரண்டுவ எண்டு சொல்லுறவை. கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில யானைக்கு மேல வெச்சுக் கொண்டு போவினம். புத்தற்ற பல்லு வைக்கிற பெட்டி."

அவர் மனுவை வாங்கிக்கொண்டு போனபிறகு கடையைப் பூட்டிவிட்டு விழுப்புரம் நூலகத்துக்குப் போனேன். பெரியப்பா வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தேன். அகராதிகளைத் திறந்து பார்த்தேன். மூங்கில் சிம்பால் முடைந்த, மூடி போட்ட சின்னக் கூடைக்கு வடமொழியில் கரண்டம் என்று பெயர். பிறகு அது நகை வைக்கிற பெட்டிக்குப் போனது. புத்தரின் எலும்பையும் சாம்பலையும் வைத்த செப்புகளுக்கும் பௌத்தர்கள் அதே சொல்லைத்தான் வைத்தார்கள். நம் பக்கத்துப் பழைய கோயில்களில் அம்மன் தலையில் கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கிற முடிக்கும் கரண்ட மகுடம் என்றுதான் பெயர். தமிழில் அது சிறுத்துச் சுண்ணாம்பு டப்பாவில் வந்து தங்கியது. எங்கள் ஊரில் யாரோ, எப்போதோ, புனிதரின் எலும்பு வைத்த செப்பைப் பார்த்துத் தங்களுக்குத் தெரிந்த அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். உலகத்தில் அதற்கென்றே இருந்த சொல்லை, ஒன்றும் தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களைத்தான் பெரியப்பா படிப்பறிவில்லாதவர்கள் என்று எழுதினார். கரண்டியாம். நூலகத்தில் உட்கார்ந்து நான் வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நினைவு மலருக்கு எழுதச் சொல்லி போன் வந்த பிறகு, இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பழைய கோயில்பிள்ளை தன் வீட்டு வாசலில் சாக்கு விரித்து வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, உடைத்துக்கொண்டிருந்தார். நரைத்துவிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து முதலில் சொல்லின் கதையைத்தான் சொன்னேன். கூடை, செப்பு, கண்டி, யானை என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் சொல்லாராய்ச்சி செய்துகொண்டிருந்தேன், பெரியப்பாவுக்குத் தட்டச்சு செய்த தோஷம். அவர் மல்லாட்டை உடைப்பதை நிறுத்தாமல் கேட்டார். "அப்பிடியா? அப்ப நாம சொன்னது சரிதான்" என்றார். மடியிலிருந்து தன் சுண்ணாம்புக் கரண்டகத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வெற்றிலை போடுவதில்லை என்றேன்.

பிறகு அந்த உறையை எடுத்துச் சாக்கின்மேல் வைத்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார், தொடவில்லை. "இன்னுமா வெச்சிக்கினு இருக்க?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"அன்னிக்கு வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்த. ஜோப்புல செவப்பா தெரிஞ்சிது. முப்பது வருசம் பாத்த நூலு, எனக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே. என் ஜோப்பைக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே."

அவர் இன்னொரு மல்லாட்டையை உடைத்து, பருப்பை முறத்தில் போட்டார். "நீயே எடுத்துக் குடுப்பன்னு பாத்துக்கினு இருந்தேன். இல்லன்னா ஒரு முடிச்ச அவுக்க அவ்ளோ நேரமா ஆவும்?"

உறையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. எடுத்துப்போ என்று முறத்தாலேயே என் பக்கம் தள்ளினார். அது மறுபடியும் இழுப்பறையில், ஸ்டாம்புகளுக்குப் பின்னால் கிடக்கிறது. இந்தப் பக்கத்தை அடிக்க ஆரம்பித்தபோது, பெரியப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.